மழை வந்த ஆண்டின் பூ: டூசான் மலைப் பாப்பியும் அதன் உலர்ந்த தாள்களும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு மேற்கே, எரிமலைப் பாறையும் கள்ளியுமாக ஒரு சிறிய மலைத்தொடர் கிடக்கிறது. அதன் உயர்ந்த சிகரமான வாசன் பீக் 1,429 மீட்டர்தான். 1929இல் பிமா கவுண்டி நிர்வாகம் இந்த மலையை டூசான் மலைப் பூங்காவாக அறிவித்தது. 1961இல் பூங்காவின் வடபகுதியைப் பிரித்து சகுவாரோ தேசிய நினைவுச்சின்னம் என்ற காப்புப் பகுதியோடு சேர்த்தார்கள். இன்று அது தேசியப் பூங்காவின் அங்கம். மழை பொய்த்த ஆண்டில், பிப்ரவரி மாதத்தில் இந்தச் சரிவுகளில் நடந்தால் கல்லும் முள்ளும்தான் கண்ணில் படும். முந்தைய ஆண்டின் பின்மாதங்களில் நல்ல மழை பிடித்திருந்தால் அதே சரிவில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூ பரவிக் கிடக்கும். மெக்சிகன் கோல்ட் பாப்பி என்பது அதன் பெயர்.

நம் சமையலறைக் கசகசாவின் குடும்பம் இது. நம் ஊர்ச் சாலையோரங்களில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும் பிரம்மதண்டும் அதே குடும்பம்தான். அது மெக்சிகோவிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த செடி. டூசான் பாப்பிக்கு முள் கிடையாது. தரையோடு ஒட்டிய, நீலம் கலந்த பச்சையில் நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகள்; அவற்றுக்கு நடுவே நிமிரும் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ; நான்கு இதழ். மொட்டின் மேல் கூம்புத் தொப்பி ஒன்று மூடியிருக்கும். அந்தத் தொப்பி கழன்று விழுந்ததும் இதழ் விரியும். வெயில் ஏறினால் பூ திறக்கும். மேகம் மூடினாலும் மாலையானாலும் சுருண்டுகொள்ளும். காய் முற்றியதும் படீரென்று வெடித்து, கசகசாவைப் போன்ற சிறு விதைகளைச் சுற்றிலும் தெறிக்கவிடும்.

சில மாதங்களில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் இந்தச் செடி, ஆண்டின் மீதிக் காலம் முழுவதும் விதையாக மண்ணில் கிடக்கிறது. டூசானில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பாதி கோடை மழை; அது இந்தப் பூவுக்கு உதவாது. செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் ஒரு தடவையாவது 25 மில்லிமீட்டர் அளவில் ஊறப் பெய்ய வேண்டும். அதன்பின் குளிர்காலத்திலும் விட்டுவிட்டுத் தூற வேண்டும். அப்படிப் பெய்தாலும் எல்லா விதையும் முளைத்துவிடாது. ஒரு பங்கு முளைக்கும், மீதி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். விதைநெல்லை முழுவதும் ஒரே பட்டத்தில் விதைக்காத விவசாயியின் நிதானம் அதில் இருக்கிறது. ஒரே இடத்தில் பெரும் பூப்பரப்பு ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறைதான் அமையும் என்பது பாலைவனத் தாவரங்களோடு பழகியவர்களின் கணக்கு.

இத்தனை விட்டுவிட்டு வரும் செடி, ஒரு மலையில் எங்கெங்கே, எந்தெந்த ஆண்டில் இருந்தது என்று யாரிடம் கேட்பது? கேட்க இருக்கும் பழைய சாட்சி ஹெர்பேரியம் ஒன்றுதான். உலர்தாவரகம் என்றும் சொல்கிறோம். அந்தச் சாட்சி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

ஹெர்பேரியத்தில் ஒரு பதிவு என்றால் சுமார் 42 செ.மீ. நீளமும் 29 செ.மீ. அகலமும் உள்ள கெட்டித் தாள், அதில் ஒட்டிய காய்ந்த செடி, கீழ் மூலையில் ஒரு விவரச்சீட்டு. யார் எடுத்தார், எந்த நாள், எந்த இடம், என்ன உயரம், சுற்றிலும் என்னென்ன செடிகள், எடுத்தவரின் வரிசை எண்: இவ்வளவும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். பாப்பியைத் தாளில் ஏற்றுவது எளிதான வேலை அல்ல. பறித்த சிறிது நேரத்தில் வாடிவிடும், தொட்டால் இதழ் உதிரும். மலையிலேயே, வேரோடு எடுத்து, மண்ணை உதறி, செய்தித்தாள் மடிப்புக்குள் இதழை விரித்து வைத்து, பலகைகளுக்கு இடையே வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். காய்ந்த பின் நிறம் நிற்காது. வெள்ளையாகவும் வெளிர்மஞ்சளாகவும் பூக்கும் செடிகள் இந்தக் கூட்டத்தில் உண்டு. பறித்த அன்றே நிறத்தைச் சீட்டில் எழுதாவிட்டால் அந்தச் செய்தி போனது போனதுதான்.

உலகம் முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட ஹெர்பேரியங்களில் ஏறத்தாழ 39 கோடித் தாள்கள் இருக்கின்றன. டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியம் 1891இல் ஜேம்ஸ் டூமி தொடங்கியது. அங்கே மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகம். அந்த வட்டாரத்து ஹெர்பேரியங்களின் தாள்களை இணையத்தில் ஒன்றாகத் தேட செய்நெட் என்ற தளம் இருக்கிறது. செடியின் பெயரையும் இடத்தையும் தட்டினால் வரைபடத்தில் புள்ளிகள் விழும். புள்ளி இருக்கும் இடத்தில் பூ இருந்தது, இல்லாத இடத்தில் பூ இல்லை என்று படித்துவிடத்தான் கண் முந்துகிறது. தவறு தொடங்கும் இடம் அதுவே.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1816 அக்டோபரில் ருரிக் என்ற ரஷ்யக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்றது. அதில் வந்த தாவரவியலாளர் அடெல்பெர்ட் வான் சமிசோ, ஜெர்மன் மொழியில் கவிஞராகவும் பேர்பெற்றவர், அங்கே கண்ட கலிபோர்னியா பாப்பிக்குக் கப்பல் மருத்துவர் எஷ்ஷோல்ட்ஸின் பெயரைச் சூட்டி 1820இல் வெளியிட்டார். எஷ்ஷோல்சியா என்ற பேரினப் பெயர் அப்படி வந்தது. 1885இல் எட்வர்ட் லீ கிரீன், பாலைவனத்தில் வளரும் செடியை எஷ்ஷோல்சியா மெக்சிகானா என்று தனி இனமாக விவரித்தார். கிரீன் பிரிப்பதில் தாராளமானவர். இன்று ஒரு டஜன் இனங்களாகக் கருதப்படும் இந்தப் பேரினத்தை அவர் நூற்றுக்கும் மேல் பிரித்து எழுதினார். பின்வந்தவர்கள் பாலைவனப் பாப்பியைக் கலிபோர்னியா பாப்பியின் துணையினமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஒரே மலையில் எடுத்த ஒரே செடியின் தாள்கள் வேறுவேறு பெயர்களில் கிடக்கலாம். ஒழுங்கான ஹெர்பேரியத்தில் பழைய பெயரை யாரும் அழிப்பதில்லை. மறுபடி ஆராய்ந்தவர் தன் பெயரும் ஆண்டும் போட்டு இன்னொரு சிறு சீட்டை ஒட்டுவார். சில தாள்களில் இப்படி மூன்று நான்கு சீட்டுகள் சேர்ந்திருக்கும். ஒரு நூற்றாண்டு விவாதம் ஒரே தாளில் படிந்திருப்பதைப் பார்ப்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காட்சி.

கலிபோர்னியா பாப்பியையும் பாலைவனத் துணையினத்தையும் பிரித்தறிவதும் லேசான காரியமில்லை. கலிபோர்னியாச் செடி பல ஆண்டு வாழக்கூடியது. பாலைவனச் செடி ஓராண்டுக்குரியது. முளைவிடும்போது வரும் வித்திலை அங்கே பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும், இங்கே பெரும்பாலும் பிளவின்றி இருக்கும். பூத்த செடியைப் பறிப்பவருக்கு வித்திலை எங்கே கிடைக்கும்? அது எப்போதோ உதிர்ந்திருக்கும். இதற்கிடையே கலிபோர்னியா பாப்பி விதை கடைகளில் பொட்டலமாக விற்கிறது, தோட்டங்களில் தூவுகிறார்கள். நகரை ஒட்டிய ஒரு மலைப் பூங்காவின் சாலையோரத்தில் எடுத்த தாள், தானாக முளைத்த செடியா, யாரோ தூவியதன் சந்ததியா என்பதை எடுத்த இடத்தைத் துல்லியமாக அறிந்தால்தான் ஊகிக்கவாவது முடியும்.

இடம் என்று சொன்னதும் பழைய சீட்டுகளின் சிக்கல் வந்து நிற்கிறது. 1880களில் சைரஸ் பிரிங்கிள் அரிசோனாவில் சேகரித்தார். வெர்மான்ட் மாநிலத்துக்காரர், அயராத உழைப்பாளி. ஒரே இடத்தில் ஒரே செடிவகையின் பல படிகள், அதாவது ஒரே மாதிரித் தாள்கள், எடுத்து உலகத்து ஹெர்பேரியங்களுக்கு விற்றார். 1881இல் ஜான் கில் லெம்மனும் சாரா பிளம்மர் லெம்மனும் தங்கள் தேனிலவையே தாவரப் பயணமாக்கி, டூசானுக்கு வடக்கே உள்ள சான்டா காட்டலினா மலையில் ஏறினார்கள். அந்த மலையின் 2,791 மீட்டர் சிகரத்துக்கு சாராவின் நினைவாகத்தான் மவுண்ட் லெம்மன் என்று பெயர். அந்தக் காலச் சேகரிப்பாளர்களுக்கு ‘டூசானுக்கு அருகே’ என்ற அளவில் எழுதினால் போதுமானதாக இருந்தது. மேற்கே உள்ள மலையும் அருகேதான், கிழக்கே உள்ள சமவெளியும் அருகேதான். பிற்காலத்தில் இதைக் கணினியில் ஏற்றியவர்கள் ஏதோ ஓர் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே பிழை வட்டம் இத்தனை கிலோமீட்டர் என்று இன்னொரு கட்டத்தில் எழுதுவார்கள். தரவைப் பதிவிறக்குபவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் விட்டால், நகரத்தின் நடுவே விழுந்த புள்ளியோ பூங்கா எல்லைக்குள் விழுந்த புள்ளியோ ஒரே உறுதியோடு பேசத் தொடங்கிவிடும். விற்ற படிகளும் ஒவ்வொரு ஹெர்பேரியத்திலிருந்தும் தனிப் பதிவாக வந்து சேரும். ஒரு நாள் ஒருவர் பறித்தது ஐந்து புள்ளியாகத் தெரியும்.

டூசான் மலைக்கு ஒரு பெரிய நல்வாய்ப்பு, அதன் கிழக்கு ஓரத்து டூமமாக் குன்று. 1903இல் கார்னெகி நிறுவனம் அங்கே பாலைவன ஆய்வகத்தை அமைத்தது. டெத் வேலி பாலைவனத்தில் 1891இல் தாவரம் சேகரித்த பிரெடரிக் கோவில் (Coville) என்ற தாவரவியலாளர், இடத்தைத் தேர்ந்தவர்களில் ஒருவர். 1906இல் 860 ஏக்கரை வேலியிட்டு மாடுகளை வெளியே நிறுத்தினார்கள். அதே ஆண்டில் வோல்னி ஸ்பால்டிங் அளந்து குறித்த நிலத்துண்டுகளை இன்றுவரை மறுபடி மறுபடி கணக்கெடுக்கிறார்கள். 1908இல் வந்த பாரஸ்ட் ஷ்ரீவ் தன் வாழ்நாளை டூசானைச் சுற்றிய சொனோரா பாலைவனத்துக்கே கொடுத்தார். இப்படிப் படித்தவர்கள் குடியிருந்த குன்றைச் சுற்றித் தாள்கள் குவிவது இயல்பு. அதுவே தரவின் ஒருதலைச் சாய்வும்கூட. ஆய்வகம், சாலை, நடைபாதை, 1952 முதல் பூங்காவுக்குள் இயங்கும் அரிசோனா சொனோரா பாலைவன அருங்காட்சியகம் ஆகியவற்றின் ஓரமாகப் புள்ளிகள் அடர்ந்திருந்தால், அது மனிதக் கால்கள் போன தடம். பெரிய அளவில் கணினியேற்றப்பட்ட தொகுப்புகளை வைத்து ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூ இங்கிலாந்து பகுதிகளில் நடந்த ஒரு 2018 ஆய்வும் இதையே காட்டியது: சாலையை ஒட்டியே அதிகம் எடுத்திருக்கிறார்கள், பெருந்தொகுப்பு ஒரு சில சேகரிப்பாளர்களின் கையால் வந்திருக்கிறது.

ஓராண்டுச் செடிக்கு இதன்மேல் இன்னொரு சாய்வும் ஏறுகிறது, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சகுவாரோ கள்ளி எந்த ஆண்டு போனாலும் அங்கேயே நிற்கும். பாப்பியைப் பார்க்க மழை ஆண்டும் ஆளும் ஒன்றாக வந்தாக வேண்டும். மழை பொய்த்த ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஒருவர் ஏறி இறங்கினாலும் தாள் இருக்காது, விதை மட்டும் காலடியில் கிடக்கும். மழை பிடித்த ஆண்டில் சேகரிப்பாளர் வேறு மாநிலத்தில் இருந்திருந்தால் அப்போதும் தாள் இருக்காது. போதாக்குறைக்கு, மலை முழுவதும் பூத்துக் குலுங்கும்போது அனுபவசாலிகள் பாப்பியைப் பறிப்பதே இல்லை. ‘இதுதான் எல்லாரிடமும் இருக்கிறதே’ என்று அபூர்வச் செடியைத் தேடிப் போய்விடுவார்கள். எங்கும் நிறைந்த செடி தாளில் குறைவாகவும், அரிய செடி தாளில் அதிகமாகவும் இருப்பது இதனால்தான். பாப்பித் தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது, பக்கத்தில் டூசானின் மழைப் பதிவை வைக்காமல் ஒரு முடிவும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அந்தத் தாள்களின் எண்ணிக்கையில் செடி பாதி, மழை பாதி, ஆள் வந்தது பாதி என்று கலந்திருக்கிறது. கூட்டினால் ஒன்றுக்கு மேல் வருகிறதே என்றால், அந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால்தான்.

பூக்கும் காலத்தைத் தாள்களிலிருந்து கணக்கிடும் வேலையிலும் இந்தப் பாடம் முக்கியம். பாஸ்டன் நகரின் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்தில் 1885 முதல் எடுத்த தாள்களைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வு, 1900 முதல் 1920 வரையிலான காலத்தைவிட 1980 முதல் 2002 வரை மரங்களும் செடிகளும் எட்டு நாள் முன்னதாகப் பூத்தன என்று காட்டியது. அங்கே அதே மரம் அதே இடத்தில் நின்றது. வெப்பம் மாறியதை அது நேராகச் சொல்லியது. டூசானில் ஜானிஸ் பவர்ஸ், பாலைவனப் புதர்களின் ஹெர்பேரியத் தாள்களையும் நேரடிக் கவனிப்பையும் இணைத்து, 1894க்கும் 2004க்கும் இடையில் வசந்தப் பூப்பு 20 முதல் 41 நாள் முந்தியிருக்கக்கூடும் என்று 2007இல் எழுதினார். புதருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். பாப்பிக்கு அப்படியே எடுத்துவர முடியாது. புதர் ஏற்கெனவே அங்கே நிற்கிறது. பாப்பியோ மழை பெய்த நாளிலிருந்துதான் தன் நாட்காட்டியைத் தொடங்குகிறது. அக்டோபரில் முளைத்த செடியும் டிசம்பரில் முளைத்த செடியும் வேறுவேறு குளிரில் வளர்கின்றன. ஒரு தாளில் ‘பிப்ரவரி 20’, இன்னொன்றில் ‘மார்ச் 25’ என்று இருந்தால், பூமி சூடானதா மழை தள்ளிப்போனதா என்று தேதி மட்டும் சொல்லாது.

மழை தள்ளிப்போவது உண்மையிலேயே நடக்கிறது. லாரன்ஸ் வெனபிள் 1982 முதல் டூமமாக் குன்றில் குளிர்கால ஓராண்டுச் செடிகளைக் கன்று கன்றாக எண்ணி வந்தார். அந்தத் தரவைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வில், விதைகளை முளைக்கவைக்கும் மழை அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பருக்கு நகர்ந்திருப்பது தெரிந்தது. ஊர் ஒட்டுமொத்தமாகச் சூடாகிக்கொண்டிருக்க, விதைகள் முளைக்கும் வாரங்கள் முன்பைவிடக் குளிர்ந்துவிட்டன. அதனால் குளிரைத் தாங்கும் செடிகள் முன்னுக்கு வந்தன. தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த மலையில் பாப்பிக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து நமக்குப் பழகிய முகம்தான். கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல்லை அரிசோனாவில் பபல்கிராஸ் என்கிறார்கள். இனம் ஒன்றே. நம் மண்ணில் அது ஊர்ச்செடி; வறட்சியில் மாட்டைக் காப்பாற்றும் புல். அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து விதை போனது. மண் அரிப்பைத் தடுக்கவும் மேய்ச்சலுக்கும் 1930கள், 1940களில் அரசே அதைப் பரப்பியது. சொனோரா பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெற்று மண் உண்டு. நெருப்பு பரவாததும் பாப்பி முளைப்பதும் அந்த வெற்று மண்ணால்தான். கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. காய்ந்தால் தீப்பற்றும், எரிந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும். சகுவாரோவோ தீயைத் தாங்காது. அரிசோனா 2005இல் அதைத் தீங்குக் களையாக அறிவித்தது. டூசான் மலைப் பூங்காவில் தன்னார்வலர்கள் கடப்பாரையோடு சரிவில் ஏறி, தூர் தூராகப் பெயர்த்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் புல் எந்த ஆண்டில் எந்தச் சரிவுக்கு வந்தது என்று ஹெர்பேரியத்தைக் கேட்டால், முதல் தாளின் தேதியைக் காட்டும். அந்தத் தேதிக்குள் வந்துவிட்டது என்று மட்டுமே அதற்குப் பொருள். களையைச் சேகரிக்க யாரும் மலையேறுவதில்லை. கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெருகிய பிறகுதான் ஒருவர் ஒரு தூரைப் பிடுங்கித் தாளில் ஏற்றுகிறார். அதேபோல் ஒரு சரிவில் எடுத்த கடைசிப் பாப்பித் தாளின் தேதி, பாப்பி அங்கே அழிந்த தேதி ஆகாது.

இப்போது கைபேசிப் படங்கள் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் வந்து குவிகின்றன. இடத்தைக் கைபேசியே துல்லியமாகக் குறித்துவிடுகிறது, நிறம் அப்படியே நிற்கிறது. பழைய சீட்டுகளின் இரண்டு குறைகள் இதில் தீர்ந்தன. ஆனால் படத்தைக் கிள்ளி மரபணு எடுக்க முடியாது. மொட்டுக்கு அடியிலுள்ள விளிம்பையும் வேரையும் பெரும்பாலான படங்கள் காட்டுவதில்லை. பூ நன்றாக இருக்கும் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில், வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் படங்கள் குவிவதால், பழைய சாய்வு இன்னும் கூடித்தான் இருக்கிறது. பூங்காக்களில் அனுமதியின்றிச் செடி பறிக்கக் கூடாது என்பது சரியான விதி. அதோடு, அனுமதி பெற்று ஆண்டுக்குச் சில தாள்களாவது எடுத்துவைக்கும் வேலை தொடர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

தாளால் சொல்ல முடியாத அந்த ‘இல்லை’யைச் சொல்ல ஒரு வழி உண்டு. அதற்கு ஒருவர் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். மேற்கு மலைக்கு எதிர்ப்புறம், சான்டா காட்டலினா மலையின் பிங்கர் ராக் பள்ளத்தாக்கில், டேவ் பெர்டெல்சன் 1984 முதல் அப்படி நடந்தார். பாதை 8 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 1,200 மீட்டர். பாதையை மைல் மைலாக ஐந்து துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு நடையிலும் ஒவ்வொரு துண்டிலும் பூத்திருந்த இனங்களை எல்லாம் எழுதினார். 1984 முதல் 2003 வரையிலான அவரது குறிப்புகளில் 363 இனங்களை ஆராய்ந்தபோது, 93 இனங்களின் பூக்கும் உயர எல்லை மாறியிருப்பது தெரிந்தது. பல செடிகள் முன்பைவிட மேலே பூத்தன. அந்த ஏடுகளில் ஒரு செடியின் பெயர் ஒரு நாள், ஒரு துண்டில் இல்லையென்றால், அன்று அந்த மைலை ஒருவர் கண் திறந்து நடந்து முடித்தார், அது அங்கே பூத்திருக்கவில்லை.